என் மாமியார் என்னைக் கொல்லப் பார்த்த கதை

பால் டம்ளரை நீட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு வருகிற எவரையும் இருபத்தோரு வயதுவரை நான் நம்பியதே இல்லை. அதிலும் சிரிப்பு கொஞ்சம் அதிகமாக இருந்தால் பாலைத் தோட்டத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். இது என் பிறவிக் குணம் இல்லை. படித்துக் கெட்டது. (பி.காம். படித்து அல்ல. அதைப் படித்துக் கெடும் அளவுக்கு நான் படிக்கவில்லை.)

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. காலையில் அங்கே ஒரு நாவலை எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஏறினால், மறைமலைநகர் வருவதற்குள் ஒருத்தி காணாமல் போயிருப்பாள். கூடுவாஞ்சேரியில் அவள் புருஷன்மேல் சந்தேகம் வரும். பெருங்களத்தூரில் அவன் நல்லவன் என்று தெரிந்து நான் அழுதுகொண்டிருப்பேன். துப்பாக்கி, துரத்தல் எல்லாம் எனக்குப் பிடிக்காது. வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். அன்பான கணவன், பூட்டிய பீரோ, முகம் வெட்டி எடுக்கப்பட்ட ஒரு போட்டோ, யாரும் பேசாத ஒரு பழைய மரணம். மனித மனசுக்குள் இத்தனை இருட்டு அறைகளா என்று வாய் பிளந்து படிப்பேன். அவற்றை எழுதியவர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பெல்லாம் இந்த மண்டையில்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம் எனக்கும் திருப்போரூர் பாஸ்கருக்கும் கல்யாணம் நடந்தது. புடவை எடுக்க, பத்திரிகை வைக்க என்று அதற்கு முந்தைய நான்கு மாதமும் நான் ஒரு வரி கதை படிக்கவில்லை. பசித்த கண்ணோடுதான் புகுந்த வீட்டுக்குள் வலது காலை வைத்தேன்.

மாமா ரிடையரான தமிழ் வாத்தியார். இலக்கணம், தேவாரம் தவிர வேறு எதையும் வீட்டுக்குள் விடமாட்டார். “கதைப் புஸ்தகம் படிக்கிற வீடு உருப்படாது” என்று கல்யாணத்துக்கு மறுநாளே என்னைப் பார்த்துச் சொன்னார். (என் பெட்டியில் புடவைக்கு அடியில் ஒன்றுகூட இல்லையே என்று அன்று ஆறுதல்பட்டேன்.) சரோஜா அத்தை எட்டாம் வகுப்பு. அதிர்ந்து பேசமாட்டார். எப்போதும் சிரிப்பு. சொன்னேனே, எனக்குச் சிரிப்பு என்றால் ஆகாது என்று.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு மாமா கண்ணயர்ந்ததும் அத்தை சமையலறைக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்வார். ஒரு மணி நேரம் சத்தமே வராது. ஒரு நாள் தண்ணீர் குடிக்கக் கதவைத் தட்டினேன். திறந்தவருக்கு முகமெல்லாம் வேர்வை. “இன்னா, இன்னா வேணும்?” என்று பதறினார். அரிசி டிரம்மின் மூடி மட்டும் கோணலாக இருந்தது. அதை மனசில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை, கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்னியம்மா ஒரு முறத்தை நீட்டினாள். கடப்பாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி. முறத்தில் முருங்கைக் கீரை, கீரைக்கு அடியில் ஏதோ ஒரு பொட்டலம்.

“யக்கா, சீக்கிரம் எட்த்துகினு போ. அண்ணாத்த வூட்ல கீறாரா?”

“மெதுவா பேசுடி. புது மருமவ காதுல வுழப்போவுது.”

“ரெண்டு நாள்ல வேலைய முடிச்சிட்டுக் குடுத்துடு. அதுக்கு மேல வெச்சா பேஜாரு.”

துளசி மாடத்துக்குப் பின்னால் நின்றிருந்த புது மருமகளின் காதில் எல்லாமே விழுந்தது. சப்ளை செய்யும் ஆளும் கிடைத்துவிட்டாள் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மகாபலிபுரம் போனோம். மாமா கல்வெட்டுப் படிக்கப் போய்விட்டார், பாஸ்கர் சுண்டல் வாங்கப் போனார். நானும் அத்தையும் கடற்கரைக் கோயில் பக்கத்துப் பாறையில் நின்றோம். அலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை திடீரென்று கேட்டார். “ஏம்மா கற்பகம், உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது அத்தை.”

“ம்ம். இங்கேர்ந்து ஒருத்தியத் தள்ளி வுட்டா, கால் வழுக்கிச்சுன்னு சொல்லிடலாம் இல்ல?”

அடி ஆத்தி! நான் ஓடிய ஓட்டத்தில் சுண்டல்காரரையும் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாஸ்கரின் சட்டையை விடவே இல்லை. புதுப் பெண்டாட்டியின் பாசம் என்று நினைத்துக்கொண்டு அவர் வழியெல்லாம் அசடு வழிந்தார்.

மறுநாள் அத்தை முருகன் கோயிலுக்குப் போன நேரத்தில் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டேன். ரப்பர் பேண்டு போட்ட தேதி காலண்டர் தாள்கள் அகப்பட்டன. தினமும் கிழித்துப் போடுகிற அதே தாள்கள். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் பென்சிலில் குண்டு குண்டாக எழுத்து.

‘மூத்த மருமகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.’

அந்த வீட்டின் மூத்த மருமகள் நான்தான். அங்கே இருந்த ஒரே மருமகளும் நான்தான்.

‘மகனுக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல் நடிக்கிறான்.’

‘கிணறு வேண்டாம், சத்தம் கேட்கும். சாப்பாட்டில் கலப்பதே உசிதம்.’

‘புளிப்பான பதார்த்தம் என்றால் ருசி மாறியது தெரியாது.’

கடைசித் தாளைப் படித்தபோது அரிசி டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘ஆடி பிறப்பதற்குள் முடித்து அனுப்பிவிட வேண்டும்.’

ஆடி பிறக்க ஐந்து நாள் இருந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டோடு வருவதாக ஏற்பாடு. அதுவரை உயிரோடு இருந்தால் தப்பித்தேன். தாள்களை இடுப்பில் செருகிக்கொண்டு, பாஸ்கரிடம் நாசூக்காகப் பேச்சுக் கொடுத்தேன். “உங்கம்மா எப்படிப்பட்டவங்க?”

“எங்கம்மாவா? கரப்பான் பூச்சியக்கூட முறத்துல ஏந்தி வெளியில வுடுவாங்க.”

இப்படிச் சொல்லாத கணவனை நான் எந்த நாவலிலும் பார்த்ததில்லை. இவரும் கூட்டு என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து வாழைப்பழம் மட்டும்தான். தோலுக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது இல்லையா? சாதத்தைக் கண்டால் “குமட்டுது அத்தை” என்பேன். இரண்டாம் நாள் அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் விரல்விட்டு நாள் எண்ணினார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை. “வாய்க்குப் புளிப்பா எதுனா செய்யட்டுமா கண்ணு?” என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.

விருந்து நாள் வந்தது. அப்பா, மாமா, பாஸ்கர் மூவரும் இலைமுன் உட்கார்ந்தார்கள். அம்மா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். அத்தை ஒரு பாத்திரத்தை ஏந்தி வந்தார். “மோர்க்கொழம்பு. கற்பகத்துக்காகக் கொஞ்சம் புளிச்ச மோரா ஊத்திப் பண்ணேன். மொதல்ல சம்பந்திக்கு.”

அப்பா சாதத்தில் குழி பறித்துத் தயாராக இருந்தார். அத்தையின் கரண்டி சாய்ந்தது.

“அப்பா! தொடாதீங்க! வெஷம்!”

சொன்னதோடு நின்றிருக்கலாம். நான் பாய்ந்து இலையைப் பிடித்து இழுத்தேன். அவியல் மாமாவின் மடியில், அப்பளம் பாஸ்கரின் தலையில். இடுப்பிலிருந்து காலண்டர் தாள்களை உருவி மாமாவிடம் நீட்டினேன். “நீங்களே படிங்க மாமா. எல்லாம் இவங்க எழுதினது.”

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார். ‘சாப்பாட்டில் கலப்பதே உசிதம்’ என்ற வரி வந்ததும் அம்மா பாயசக் கரண்டியைக் கீழே போட்டாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வகையாக மாட்டிக்கொண்டார் என்று எனக்குள் ஒரு வெற்றிப் பெருமிதம். (அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.)

மாமா தாள்களை அடுக்கிக் கீழே வைத்தார். “இது சரோஜா எழுதினதே இல்ல. அவளுக்கு ‘உசிதம்’னு ஒரு வார்த்தை இருக்கறதே தெரியாது. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவ பென்சிலத் தொட்டு நான் பாத்ததில்ல.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “தனிக்குடித்தனம் போகணும்னா நேரா கேட்டிருக்கலாம். அதுக்காக மாமியார் பேர்ல பொய்யா எழுதி, கொலைகாரின்னு சொல்ற பொண்ணு எங்களுக்கு வேணாம். சம்பந்தி, ஆடிக்குக் கூட்டிட்டுப் போறீங்க. ஆவணியில கொண்டாந்து விட வேணாம்.”

அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. “கொழந்தை, தெரியாம பண்ணிட்டா” என்றார். பாஸ்கர் அப்பளத் தூளோடு என்னைப் பார்த்த பார்வையில், இருபத்து நான்கு நாள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

இங்கேதான் நான் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். பழி முழுக்க என் தலையில், அவர் ரகசியம் பத்திரம். கொலைகாரி என்று தன்னைச் சொன்னவளுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியம் அவருக்கு எந்த நியாயத்திலும் கிடையாது.

அத்தை மோர்க்குழம்பைக் கரண்டியில் மொண்டு உள்ளங்கையில் ஊற்றி, எல்லோரும் பார்க்க உறிஞ்சிக் குடித்தார். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அது என் எழுத்துதாங்க” என்றார்.

மாமா சிரிக்கப் போனார். அத்தை உள்ளே போய் அரிசி டிரம்மின் அடியிலிருந்து நான்கு வாரப் பத்திரிகைகளை எடுத்துவந்து இலைக்கு நடுவில் வைத்தார். அரிசி உதிர்ந்தது.

“இதுல ஒரு தொடர்கதை வருது. ஒரு மாமனாரு, மாமியா, ஒரு புள்ள, ரெண்டு மருமவ. மூத்தவளக் கொல்லப் பாக்கறாங்க. யாரு, எப்படின்னு கண்டுபுடிச்சு எழுதிப் போடணும், போட்டி. ஆடி ஒண்ணுதான் கடைசித் தேதி. கன்னியம்மா வாங்கறா, ரெண்டு நாள்ல திருப்பித் தரணும். மறந்துடக் கூடாதுன்னு துப்பையெல்லாம் குறிச்சு வெச்சேன். அந்தத் தாளக் காணோம்னுதான் நாலு பொஸ்தகத்தையும் அவகிட்ட மறுபடி வாங்கியாந்தேன். இப்ப மட்டும் இல்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒளிச்சு ஒளிச்சுப் படிச்சுகினுதான் இருக்கேன். இருபத்தி நாலு வருசம். உங்களுக்குப் புடிக்காதுன்னு சொல்லல. அவ்ளோதான்.”

அம்மா குனிந்து பாயசக் கரண்டியைத் தேடி எடுத்தாள்.

“கற்பகத்துமேல தப்பே இல்ல” என்று என் தோளில் கைவைத்தார். “கைல கெடச்ச துப்ப வெச்சுப் பாத்தா நானும் என்னத்தான் புடிச்சிருப்பேன். அவங்க அப்பா வாயில போறதுக்குள்ள தடுத்தா பாருங்க, அந்தக் கதையில வர்ற ஒருத்திக்கும் இந்தத் தைரியம் கெடையாது. இவ ஆவணியில வரலன்னா நானும் கன்னியம்மா வூட்டுக்குப் போயிடறேன்.”

நான் அப்படியே அவர் காலில் விழுந்தேன். விழுந்த இடத்தில் அவியல் கிடந்தது, அது வேறு விஷயம். அத்தை என்னைத் தூக்கி, கன்னத்தில் ஒட்டியிருந்த முருங்கைக்காயை எடுத்துப் போட்டுவிட்டுக் காதோரம் கேட்டார். “அப்ப அந்தக் குமட்டலும் பொய்யா?” ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மட்டும்தான் அன்று அவர் முகம் வாடியது.

மாமா ஒரு பத்திரிகையை எடுத்தார். நான்கு பக்கம் புரட்டினார். அடுத்த இதழை எடுத்தார். சாம்பார் ஆறியது. நாங்கள் ஏழரை வரப்போகிறது என்று காத்திருந்தோம். கடைசி இதழின் ‘தொடரும்’ வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சரி, கொலை பண்ணப் பாக்கறது யாரு?”

“அதெல்லாம் சொல்ல முடியாது” என்றார் அத்தை. “போட்டி இன்னும் முடியல.”

நான் ஆவணியில் திரும்பி வந்தேன். (ஆடி முழுக்க அம்மா என்னை எந்தப் புத்தகத்தின் பக்கமும் விடவில்லை.) அத்தைக்குப் பரிசு வரவில்லை. கதையில் வரும் மாமனார்தான் குற்றவாளி என்று அவர் எழுதியிருந்தார். கதையில் டாக்டர் என்று முடித்திருந்தார்கள். எழுதினவர் அவசரப்பட்டுவிட்டார் என்பது அத்தையின் தீர்ப்பு. நானும் அந்தத் தொடரை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், அத்தை சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு பத்து வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்த நாவல்களுக்கு அளவில்லை. நாற்பதாம் பக்கத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். எனக்குக் கடைசிப் பக்கத்தில்கூடச் சந்தேகம் தீராது.

போன மாதம் கோவளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. அங்கே ஒரு அம்மாள் என்னைக் காட்டி, “இது யாரு?” என்று அத்தையைக் கேட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்த மாமா உடனே தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து வரப்போவது அவருக்குத் தெரியும். எல்லா விசேஷத்திலும் வருவதுதான்.

“என் மூத்த மருமவ” என்றார் அத்தை, என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. “நான் திருட்டுத்தனமா ஒண்ணு பண்ணிகினு இருந்தேன். இருபத்தி நாலு வருசம் கூடவே குடும்பம் நடத்துன மனுசனுக்குத் தெரியல. இவ வந்து இருபத்தி நாலு நாள்ல புடிச்சிட்டா.”