ஆப்பிள் மரப் புகையில் வெந்த கோழி

வீட்டுக்கு ஒரு பொருள் முதல் தடவை வரும்போது யாரும் கருத்துச் சொல்வதில்லை. அது கெட்டுப்போய், அதற்குப் பதில் இன்னொன்று வாங்கலாம் என்று பேச்செடுத்துப் பாருங்கள். அன்றைக்கு வீட்டிலுள்ள எல்லோரும் நிபுணர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொருள் ஒரு பெல்லட் கிரில்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். (தெரியாமல் இருப்பது குற்றமில்லை. கருங்கல் வட்டாரத்தில் அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. நடந்ததற்கெல்லாம் அந்த மிதப்புதான் காரணம்.) இது இறைச்சி சுடும் அடுப்பு. கரியும் வேண்டாம், கேஸும் வேண்டாம். மரத்தூளை இறுக்கிச் சின்னச் சின்ன உருளைகளாகச் செய்து விற்பார்கள். அதுதான் பெல்லட். அடுப்பின் பக்கத்திலுள்ள பெட்டியில் அதைக் கொட்டிவிட்டால், உள்ளே ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சூடு வேண்டும் என்று எண்ணை வைத்துவிட்டு நாம் போய்ப் பேப்பர் படிக்கலாம். மரப்புகையில் பைய வெந்த இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும்.

மஸ்கட்டில் நர்ஸாக வேலை பார்த்தபோது எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டு ஊருக்கு வரும்போது மற்றவர்கள் டி.வி. கொண்டுவந்தார்கள், நான் அடுப்பு கொண்டுவந்தேன். அது விலை குறைந்த ரகம். மெல்லிய தகட்டில் கறுப்புப் பெயின்ட். நம் ஊர் மழையும் கடல்காற்றும் அதைச் சும்மா விடுமா? ஒரு கிறிஸ்துமஸ் அன்று அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உள்ளே வெந்துகொண்டிருந்த மாட்டிறைச்சி நேராகத் தரையில் இறங்கியது. அந்த வருஷம் பக்கத்து வீட்டு நாய்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விவாதம் ஆரம்பித்தது. பழைய மாதிரியே ஒன்றா, உயர்ந்த ரகமா?

என் கணவர் டேவிட்சனுக்குக் கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் இரும்புக்கடை. தகடு, ஆணி, கம்பி விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

"ஏட்டி, பெட்டி விலை கூடினதா குறைஞ்சதாண்ணு நெருப்புக்குத் தெரியுமா? கோழி வேகணும். அவ்வளவுதானே?" என்றார்.

"அடுத்த மழைக்கு இதுக்கும் அடி கழண்டு விழும்லா. அப்ப இன்னொண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணா?"

"விழட்டும். நாய்க்கும் ஆசை இருக்கும்லா."

மகள் ஷைனி கம்ப்யூட்டர் படித்தவள். அவள் ஓட்டு விலை உயர்ந்ததற்குத்தான். ஆனால் காரணம் வேறு: அதில் வெப்பநிலையை செல்போனிலேயே பார்க்கலாம். கடைசியில், இறக்குமதி சாமான்கள் விற்கிற ஒரு கடை கொச்சியில் இருக்கிறது, நேரில் பார்த்து முடிவு செய்வோம் என்று கிளம்பினோம். டேவிட்சன் சட்டைப்பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டார்.

கடையில் இரண்டு ரகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மலிவானதில் காந்தம் பச்சக் என்று ஒட்டியது. உயர்ந்த ரகத்தில் எங்கே வைத்தாலும் வழுக்கி விழுந்தது. நல்ல எவர்சில்வர். அவர் முகம் லேசாக மாறியது. பிறகு மூடியைத் திறந்தார். இரட்டைச் சுவர், நடுவே வெப்பம் தப்பாதபடி பட்டை, கனமான கீல். மூடியை விட்டார். அது 'தொப்' என்று விழாமல், பெரிய காரின் கதவு போல மெதுவாகச் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி சாத்தினார். விற்பனையாளர் விலையைச் சொல்ல வாய் திறந்தபோது, "பொறும் வேய், ஒருக்கா கூட அடைச்சுப் பார்க்கட்டு" என்றார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. விலைக்குறைவுக் கட்சியின் தலைவரே கட்சி மாறிவிட்டார்.

அடுப்பு வீட்டுக்கு வந்தது. அதே சமயத்தில் ஷைனிக்கு ஒரு நல்ல சம்பந்தமும் வந்தது. பையன் அஜின், மண்டைக்காட்டுக்குப் பக்கம். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அவன் அப்பா சாதுவான மனிதர். அம்மா சந்திரா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவர் ஒரு சொல் சொன்னால் மைதானமே நேர்கோட்டில் நிற்கும் என்று கேள்வி. அவர்கள் எங்கள் வீடு காண வருகிற நாளும் குறித்தாயிற்று. அவருக்குத் திருப்தியானால்தான் கல்யாணப் பேச்சு மேலே போகும் என்று தரகர் எச்சரித்திருந்தார்.

மற்ற வீடுகளில் அன்றைக்கு பிரியாணி போடுவார்கள். நான் விடுவேனா? எங்கள் வளர்ப்புக் கோழிகளில் இரண்டை ஆப்பிள் மர பெல்லட்டில் பைய வேகவைத்து முழுசாக மேசையில் வைப்பது என்று தீர்மானித்தேன்.

பெல்லட்டுக்கு ஈரம் ஆகாது, பட்டால் ஊறிப் பொடியாகிவிடும். அதனால் காற்றுப் புகாத நீல டிரம் ஒன்று வாங்கியிருந்தேன். பார்க்க அழகாக இருந்ததால் கோழித்தீவனத்துக்கும் அதே மாதிரி இன்னொன்று வாங்கினேன். சோளமும் மீன்தூளும் சேர்த்த அந்தத் தீவனமும் குச்சி குச்சியாக, அதே பழுப்பு நிறத்தில்தான் வரும். இரண்டு டிரம்மும் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகையில் இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. பெயர் எழுதி ஒட்டவில்லை. (மருந்தை எடுக்கும்போதும் ஊற்றும்போதும் கொடுக்கும்போதும் லேபிளைப் படி என்று ஜூனியர் நர்ஸுகளை அழ அழ விரட்டியவள் நான்.)

அன்று காலை கோழிக்கு மசாலா தடவி உள்ளே வைத்து, அடுப்பைப் பற்றவைத்தேன். பெட்டியில் கொஞ்சம் பெல்லட் ஏற்கெனவே கிடந்தது. மேலே நிறைய வேண்டுமே என்று சாய்ப்புக்குப் போய் ஒரு வாளி அள்ளிவந்து கொட்டினேன். பட்டுச்சேலை கட்டியிருந்தேன், தலையில் பூ. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அதைக் கழற்றி வைத்திருந்தேன். மற்ற டிரம்மிலிருந்து டேவிட்சன் கோழிகளுக்குத் தீனி போட்டார். இருவரும் கடமையை ஒழுங்காகச் செய்துவிட்டோம்.

விருந்தினர்கள் வந்தபோது பழைய பெல்லட் எரிந்துகொண்டிருந்தது. மணம் அருமை. அஜினின் அப்பா வாசலிலேயே நின்று, "கொள்ளாம், நல்ல மணம்" என்றார். நான் அவர்களை அடுப்பிடம் அழைத்துப்போய்ப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். விலை ஏன் கூடுதல், தகடு எத்தனை கனம், புகை எங்கே சுற்றுகிறது, எல்லாம் சொன்னேன். டேவிட்சன் மூடியைத் திறந்து சாத்திக் காட்டினார். இருமுறை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மணம் மாறியது. கருவாட்டையும் சோளத்தையும் ஒரே சட்டியில் கருகவிட்டது போல ஒரு வாடை. வெள்ளைப் புகை மஞ்சளாயிற்று. அஜினின் அப்பா கண்ணைத் துடைத்தார்.

"இது என்ன மணம்?" என்று கேட்டார் சந்திரா டீச்சர்.

"ஆப்பிள் மரம்" என்றேன் நான், முழு நம்பிக்கையோடு. "வெளிநாட்டு மரம்லா, முதல்ல இப்பிடித்தான் இருக்கும். பழகினா விடமாட்டீங்க."

ஷைனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் செல்போனை நீட்டினேன். "பாருங்க, ஒரு டிகிரி ஏறல்ல, ஒரு டிகிரி இறங்கல்ல." அது உண்மை. என்னத்தைத் தின்னக் கொடுத்தாலும் அந்த மெஷின் சூட்டைப் பிடித்த பிடியில் வைத்திருந்தது.

மேசைக்குக் கோழி வந்தது. நிறம் பிரமாதம், தேன்பூசிய மாதிரி. அஜின் முதல் துண்டை வாயில் வைத்தான். கண் விரிந்தது. மெல்லாமல் விழுங்கினான். "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லி ஒரு செம்பு தண்ணீரையும் குடித்தான். அவன் அப்பா துண்டைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். நான் ஒரு வாய் தின்றேன். மீன்சந்தையில் தீப்பிடித்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஆனாலும், "புகை நல்லா ஏறியிருக்கு" என்றேன்.

சந்திரா டீச்சர் தட்டைத் தள்ளிவைத்தார். கை கழுவ எழுந்து பின்பக்கம் போனார். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். தரகரிடம் என்ன சொல்வது, ஷைனியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டே தட்டுகளை அடுக்கினேன். அப்போது பின்பக்கமிருந்து மைதானக் குரல் என்னைக் கூப்பிட்டது.

"ஜெயா, இஞ்ச வாங்க! உங்க கோழிக்கெல்லாம் உடம்புக்கு என்னா?"

எல்லோரும் ஓடினோம். தீனித்தட்டைச் சுற்றிக் கோழிகள் வட்டமாக நின்றன. ஒன்று கொத்தித் துப்பியது. சேவல் எங்களைப் பார்த்த பார்வையில் அவமானப்பட்ட மாமனாரின் கோபம் இருந்தது. டீச்சர் தட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்து முகர்ந்தார்.

"இது மரம்லா?" என்றார். "அப்ப அடுப்புல எரியது என்ன?"

டேவிட்சன் என்னைப் பார்த்தார். நான் டிரம்களைப் பார்த்தேன். பிறகு அஜினின் அப்பா, அதுவரை நாலு வார்த்தைகூடப் பேசாத மனிதர், மெதுவாகச் சொன்னார்: "பாவம் கோழி. அதுக்க சாப்பாட்டை வச்சே அதை அவிச்சாச்சு."

சந்திரா டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கீழே உட்கார்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்ததும் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"எதுக்கு அழியீங்க மைனி? ஃபிரிட்ஜில என்ன இருக்கு?"

மைனி என்றால் எங்கள் ஊரில் அண்ணி. அந்த ஒரு சொல்லில் என் உயிர் திரும்பி வந்தது. "அயிலை மீன் இருக்கு" என்றேன்.

"போதும். எல்லாரும் எழும்புங்க!"

அதற்குப் பிறகு என் வீடு ஒரு விளையாட்டு மைதானம். அயிலை வெட்ட அவரும் நானும். தேங்காய் துருவ அஜின். சின்ன உள்ளி உரிக்க இரண்டு அப்பாக்களும். ஷைனி அம்மியில் மிளகாய் அரைத்தாள். "மக்கா, தேங்காயைத் துருவச் சொன்னா கண்ணை எங்க வச்சிருக்க?" என்று மகனுக்கு ஒரு அதட்டல் விழுந்தது. வீடு காண வந்தவர்கள் என் அடுக்களையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்பதுவரை கண்டுவிட்டார்கள். புளிமுளம் என்கிற மீன்கறியும் சோறும் தரையில் இலை போட்டுத் தின்றோம். இதுவரை நான் தின்ற மீன்கறிகளில் அதற்குத்தான் முதலிடம். கிளம்பும்போது டீச்சர் வாசலில் நின்று என் கையைப் பிடித்தார்.

"கோழிதான் தரல்ல. பிள்ளையையாவது தருவீங்கல்லா?"

எத்தனையோ டாக்டர்களையும் மேட்ரன்களையும் பார்த்தவள் நான். ஒரு வீட்டின் மானத்தை இவ்வளவு லேசாகத் தூக்கி நிறுத்திய இன்னொரு ஆளைப் பார்த்ததில்லை.

மறுநாள் அந்த அடுப்பின் வயிற்றைக் கழற்றினோம். தீவனம் கூழாகித் திருகில் இறுகிப்போயிருந்தது. பழைய அடுப்பாக இருந்தால் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். இதில் ஒவ்வொரு பாகமும் கையால் திருகினாலே கழன்று வந்தது. கழுவித் துடைத்து மாட்டிப் பற்றவைத்தால், ஒன்றுமே நடக்காதது போல நேராக அந்த எண்ணில் போய் நின்றது. டேவிட்சன் அதற்கு முன்னால் மரியாதையாக நின்றார். உயர்ந்த ரகம் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் எங்கள் பதில் இதுதான்: கடல்காற்று அடிக்கிற ஊரில், அடிக்கடி சுடுகிற வீட்டில், தாராளமாக வாங்கலாம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அதை இயக்குகிற ஆள்தான் எந்த ரகம் என்று யோசிக்க வேண்டும்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. ஷைனியும் அஜினும் இப்போது பெங்களூரில். போன மாதம் சந்திரா மைனி போன் செய்தார். அவரும் ஒரு பெல்லட் கிரில் வாங்கப்போகிறாராம், எதை வாங்கலாம் என்று யோசனை கேட்டார். எனக்கு மறுபடி மிதப்பு ஏறியது. தகட்டின் கனம், கீல், திருகு, வாரன்டி என்று பேசித் தீர்த்தேன். அவர் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டார்:

"அதெல்லாம் சரி மைனி. இதுல எரிக்க நல்லது முட்டைக்கோழித் தீவனமா, குஞ்சுத் தீவனமா?"