தண்ணீர்: ஆபத்து இல்லை

எதையும் எழுதி வைத்துச் செய்கிறவன் தவறு செய்ய மாட்டான் என்று முப்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எழுதி வைக்கிறவனும் எல்லாரையும் போலத்தான் தவறு செய்வான். மற்றவர்கள் பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று தப்பித்துக்கொள்ளலாம். அவனால் அது முடியாது. அவன் கையெழுத்திலேயே சாட்சி இருக்கும்.

என் சாட்சி நீல அட்டை போட்ட ஒரு நாட்குறிப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதியது. நாங்கள் அப்போது நெய்வேலி டவுன்ஷிப்பில் மாடிக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தா. பக்கத்து மேஜை நடராஜன் ஓர் அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுச் சாமான்களுக்கான இன்ஷூரன்ஸ் விண்ணப்பம் ஒன்றை என் முன் வைத்தார். (வேலையில் இருக்கிறவர் ஏஜென்ட்டாக இருக்கக் கூடாது. அதனால் ஏஜென்சி அவர் மனைவி பெயரில். அந்த அம்மாள் கம்மாபுரத்தில் இரண்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். தாம் டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குப் பாலிசி போட்டிருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.)

எனக்குச் சிரிப்பு வந்தது. குவார்ட்டர்ஸ் வாசிக்கு இன்ஷூரன்ஸா? பல்பு போனால் புகார்ப் புத்தகத்தில் எழுதுவோம். குழாய் ஒழுகினால் எழுதுவோம். தோட்டத்தில் பாம்பு வந்தால்கூட முதலில் எழுதிவிட்டுத்தான் கம்பைத் தேடுவோம். எது நடந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் ஒரு மதம் மாதிரி. அதை நடராஜனிடம் சொன்னேன்.

“வூடு கம்பெனியுது சார்” என்றார் அவர். “உள்ள இருக்கறது உங்களுது.”

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அன்று மாலையே எழுதி வைத்தேன். பிரீமியம் ஒன்றும் பெரிதில்லை. குடும்பத்தோடு கடலூர் போய்ப் படம் பார்த்து, ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்புகிற செலவுதான். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருப்பார்கள். நான் நாற்பத்தொரு நாள் எடுத்துக்கொண்டேன்.

முதலில் வீட்டில் உள்ள சாமான்களைக் கணக்கெடுத்தேன். என் மனைவி வசந்தாவின் கல்யாணப் பட்டுப்புடவைக்கு வயது பதினொன்று என்பதால் அதன் மதிப்பை முக்கால் பங்கு குறைத்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “என் பேரு எத்தனாவது நம்பர்ல இருக்குங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பிறகு ஆபத்துகளுக்கு ஒரு பட்டியல். தீ: அடுப்பை நானே அணைக்கிறேன், ஆபத்து குறைவு. திருட்டு: எங்கள் ரேடியோவைத் தூக்குகிற திருடன் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிடுவான். ஆனாலும் யோசிக்க வேண்டியது. தண்ணீர் என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘காலை ஆறு முதல் எட்டு, மாலை நான்கு முதல் ஆறு. வருகிற நேரத்தைவிட வராத நேரமே அதிகம். ஆபத்து இல்லை.’

இதை நான் என் வீட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

எங்களுக்கு நேர் கீழே அருளப்பன் குடும்பம். அவர் மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. மனைவி ஜெசிந்தா கூடத்தில் மோட்டார் வைத்த தையல் மிஷின் போட்டு, எங்கள் பிளாக்கின் ஜாக்கெட்டுகளில் பெரும்பகுதியைத் தைத்தாள். மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது ஒன்பது வயது. நடராஜன் அவர்களிடமும் விண்ணப்பம் கொடுத்திருந்தார். ஜெசிந்தா உடனே பூர்த்தி செய்துவிட்டாள். பணம்கூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். ஆனாலும் மாடியில் ஒரு படித்த மனிதர் இதைப் பற்றி ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

“அண்ணே, எங்க வூட்ல இருக்கறதே இந்த மிஷினு ஒண்ணுதான். போடலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஒரு வார்த்தை கேட்டாள். நான் கால் மணி நேரம் பேசினேன். நாட்குறிப்பை எடுத்து வந்து பட்டியலையும் காட்டினேன். தீயையும் திருட்டையும் விளக்கி, தண்ணீருக்கு வந்தபோது இலேசாகச் சிரிக்கவும் செய்தேன். (சிரித்தேன் என்பது குறிப்பில் இல்லை. நினைவில் இருக்கிறது.) கடைசியில், “வேண்டாம்மா. வீண் செலவு” என்றேன். அவள் விண்ணப்பத்தை நான்காக மடித்து, அளவு எழுதுகிற நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

இது தெரிந்ததும் நடராஜன் என்னிடம் கோபப்படவில்லை. “நீங்க போடாட்டிப் பரவால்ல சார். நாப்பது நாளா ரோசன பண்ணிகினே இருக்கீங்க, அது உங்க வழக்கம். அந்தம்மாவ ஏன் சார் கலச்சீங்க?” என்றார். அவருக்குக் கமிஷன் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் நடுவில், மார்கழி பிறப்பதற்குள், வசந்தாவின் அண்ணன் திருவண்ணாமலையில் புது வீடு கட்டிக் குடிபோனார். சனிக்கிழமை காலை பத்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பி, திங்கள் மதியம் திரும்புவதாகத் திட்டம். ஊருக்குப் போகும்போது சரிபார்க்க வேண்டியவை என்று இருபத்துமூன்று விஷயங்கள் கொண்ட ஒரு தாள் எங்கள் வீட்டுக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். அதில் ஒன்று, கரப்பான்பூச்சி ஏறிவராமல் இருக்கத் தண்ணீர் போகும் ஓட்டைகளில் எல்லாம் துணி அடைப்பது. அடைத்தேன். நான் அடைத்தால் ஒரு கரப்பான் மீசையைக்கூட நுழைக்க முடியாது.

அடுத்தது குழாய்கள். இதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. குழாயை முழுக்கத் திறந்து, உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்து, காற்று ‘புஸ்’ஸென்று சீறி அடங்கிய பிறகு மூட வேண்டும். வராத தண்ணீரை எதற்குத் திறந்து பார்க்கிறீர்கள் என்று வசந்தா ஒவ்வொரு முறையும் கேட்பாள். நான் ஒவ்வொரு முறையும் விளக்குவேன். அன்று நான்கு குழாய்களைத் திறந்து மூடி, ஐந்தாவதாக அடுக்களைக் குழாயைத் திறந்தேன். காற்று சீறி அடங்கியது. வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்தது. நான் தாளில் ஒரு டிக் போட்டேன்.

நாட்குறிப்பில் இருக்கிறது: ‘குழாய்கள் 5. பார்த்தாயிற்று. காலை 9.40.’

இன்னொன்றும் செய்தேன். வெளியூர் போனால் சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் வழக்கம். ஏழு வருடமாக நாங்களும் அப்படித்தான். ஆனால் நாற்பத்தொரு நாள் திருட்டைப் பற்றி யோசித்தவனுக்கு, சாவி இன்னொரு கையில் இருப்பதே ஓர் ஆபத்தாகத் தோன்றியிருந்தது. ஜெசிந்தா வாசலில் நின்று வழக்கம்போலக் கையை நீட்டினாள். “இந்தத் தடவை நானே வச்சிக்கிறேன்மா” என்றேன். நீட்டிய கையை அவள் அப்படியே டாட்டா காட்டுவதாக மாற்றிக்கொண்டாள்.

திங்கள் மதியம் திரும்பி வந்து மாடி ஏறினேன். கதவில் தொங்கியது என் பூட்டு இல்லை.

அடுத்த ஐந்து நிமிடங்களை நான் மறந்துவிட முயன்றிருக்கிறேன். பார்த்தவர்கள் மறக்கவில்லை. பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று படிக்கட்டே அதிரச் சொன்னேன். பக்கத்துக் கதவுகள் திறந்தன. செக்யூரிட்டி ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் சாட்சிகள் வேண்டும் என்று பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, கூடியிருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் என் வீட்டுச் சாமான்களை வரிசை எண்ணோடு உரக்க வாசிக்கத் தொடங்கினேன். வசந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. திருடிய பிறகு புதுப் பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டுப் போகிற திருடன் உண்டா என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. ஆறாவதாக மிக்ஸியை வாசித்துக்கொண்டிருந்தபோது அருளப்பன் படியேறி வந்தார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம். கையில் இரண்டு புதுச் சாவிகள்.

“நான்தாங்க சார் ஒடச்சேன்” என்றார். “அடுக்களைக் கொழா தொறந்து கெடந்துது. தண்ணிய வாரி ஊத்திட்டுத் தொடச்சு வுட்ருக்கோம். பீரோவுக்குக் கீழ மட்டும் ஈரம் இருக்கும், பாத்துக்கங்க.”

நான் நாட்குறிப்பை மூடினேன். அவர் அடுத்ததாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

நடந்ததை வசந்தாதான் கேட்டு வந்து சொன்னாள். சனிக்கிழமை நான்கு மணிக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. ஜெசிந்தா மகளோடு சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் இருந்தாள். அருளப்பன் ஷிஃப்டில். என் அடுக்களைத் தொட்டி நிரம்பி, தரை நிரம்பி, போக ஓர் ஓட்டைகூட இல்லாமல் (அடைத்தவன் நான்) தண்ணீர் கூடத்துக்கு வந்து, கீழ் வீட்டின் ஃபேன் மாட்டுகிற கொக்கி வழியாக இறங்கியிருக்கிறது. அந்த ஃபேனுக்கு நேர் கீழேதான் தையல் மிஷின். ஜெசிந்தா ஆறு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது மோட்டாருக்குள் தண்ணீர் போயிருந்தது. மேஜைப் பலகை உப்பியிருந்தது. பக்கத்தில் கிறிஸ்துமஸுக்காகத் தைத்து அடுக்கிய பதினாறு ஜாக்கெட்டுகள். நடுவில் இருந்த ஒரு மெரூன் பட்டு தன் சாயத்தை மற்ற பதினைந்துக்கும் பாரபட்சமில்லாமல் பகிர்ந்து கொடுத்திருந்தது. சாவி கீழே இருந்திருந்தாலும் நனைந்தது நனைந்ததுதான். ஆனால் அருளப்பன் ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்டை உடைக்கும் வரை, நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, அந்த வீட்டுக்குள் சொட்டிக்கொண்டே இருந்தது.

நான் கீழே போனேன். பேச வேண்டியதை எழுதிக்கொண்டுதான் போனேன். அதைக் கையில் எடுக்கத் தைரியம் வரவில்லை. ஜெசிந்தா ஈரப் பலகையை வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா வேண்டாம்னு சொன்னேன்” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “கேட்டது நாந்தானேண்ணே” என்றாள்.

நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டு, மிஷினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பண்ருட்டி போனேன். கண்டக்டர் அதைப் பார்த்து, “தைக்கப் போறீங்களா சார்?” என்றார். மெக்கானிக் புது மோட்டார் போட்டுக் கொடுத்தார். மிஷின் ஓடியது. ஆனால் அதன் பிறகு அது ஓடும் சத்தத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. மாடியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, சாப்பிடும்போதும் எழுதும்போதும், அது கேட்டுக்கொண்டே இருக்கும். துணி கெட்டுப்போனவர்களுக்கு ஜெசிந்தா துணி எடுத்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தாள். துணியின் விலையைப் பாதியாவது நான் கொடுக்கிறேன் என்றதற்கு அருளப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டாரே போதும் என்றார். பதினாறையும் தைத்து முடிக்கக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு எடுத்த பச்சைத் துணியை வெட்ட நேரமில்லை. அந்தக் குழந்தை போன வருடத்துக் கவுனைப் போட்டுக்கொண்டு, தட்டில் கேக் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மாடியேறி வந்தது. அன்றைய தேதியில் நான் எழுதியது ஒரே வரி: ‘கீழ் வீட்டிலிருந்து கேக்.’ மற்றதை எழுத முடியவில்லை.

ஜனவரியில் நடராஜனிடம் நானே விண்ணப்பம் கேட்டேன். அவர், நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். தண்ணீரால் வரும் சேதமும் இதில் அடங்குமா என்று விசாரித்தேன்.

“உங்க சாமானுக்கு உண்டு சார். அடுத்த வூட்டுக்கு நீங்க வுடற தண்ணிக்குத் தனியாப் போடணும்” என்றார்.

இரண்டையும் போட்டேன். ஜெசிந்தாவும் போட்டாள், இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

அருளப்பன் பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் வீடு கட்டிப் போனார். போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே போயிருந்தோம். ஸ்டெல்லா கல்யாணமாகிச் சென்னையில் நான்காவது மாடியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவள் என் இலையில் பிரியாணி வைத்துக்கொண்டே, வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமாமே, பேங்க்கில் ஒருவர் விடாமல் கூப்பிடுகிறார், எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை என்று பொதுவாகச் சொன்னாள்.

சமையலறையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. “மாமாவக் கேளுடி. அவரு வேணாம்னா ஒடனே போட்டுடு.”

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாதான் அதிகமாகச் சிரித்தாள். இரண்டு குடும்பத்திலும் இது பல வருடமாக வழக்கில் இருக்கிற விதி. ஸ்கூட்டர் வாங்குவதிலிருந்து மாப்பிள்ளை பார்ப்பது வரை என் கருத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதுதான் என் வருத்தம். ஆனால் இந்த ஒரு கேள்விக்காவது சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “போடும்மா, கண்டிப்பாப் போடு” என்றேன்.

ஸ்டெல்லா கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, மாமா போடச் சொல்றாரு. அப்ப வேணாமா?”