பாலத்தோடு நின்றுபோகும் சரித்திரம்

ரயிலைத் தாமதமாக்கியவர்கள் இந்த நாட்டில் ஏராளம். சிலர் சங்கிலியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், சிலர் தண்டவாளத்தில் படுத்திருக்கிறார்கள். அதே ரயிலின் வரலாற்றைச் சொல்லியே ரயிலை நிறுத்தி வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் நாவல்காட்டில், ரயில்வே கேட்டுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் சரித்திரம். "சரித்திரம் கடை திறந்திருக்கா?", "சரித்திரம் சாப்பிடப் போயிருக்கு" என்றுதான் பேச்சு. வெளியூர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்து ரயில் பெரிய ரயில் அல்ல. திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கம் வயலிலும் தென்னந்தோப்பிலும் நுழைந்து போகிற கிளைப் பாதை. அதன் வரலாறு முழுவதும் தனக்குத் தெரியும் என்பார் சரித்திரம். எங்கே படித்தார் என்று கேட்டால், "படிச்சா அரைகுறையாத்தான் தெரியும் தம்பி" என்பார்.

வரலாறு எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கும். "மொதல்ல ஒரு வெள்ளைக்காரத் துரை. குதிரை மேல வர்றாரு." இரண்டு கையாலும் கடிவாளம் பிடிப்பார். "கூட ஆளுங்க சங்கிலி புடிச்சு அளந்துக்கிட்டே வர்றாங்க." சங்கிலியை இழுப்பார். துரைக்கு எங்கள் ஊர்க் களத்தருகே வெயிலில் மயக்கம் வருகிறது. சரித்திரத்தின் கொள்ளுத் தாத்தா ஒரு செம்பு மோர் கொடுக்கிறார். குடித்த துரை, நேராகப் போக வேண்டிய லைனை எங்கள் ஊர்ப் பக்கம் வளைக்கிறார். எங்கள் ஊரில் லைன் வளைவது உண்மை. அங்கே ஒரு பெரிய குளம் இருப்பதும் உண்மை. குளத்தைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை.

டீக்கடை சம்பந்தம் மட்டும் விடமாட்டார். "ஏண்ணே, அது உப்புப் போட்ட மோரா, போடாத மோரா?"

சரித்திரம் கையிலிருந்த காயிலைக் கீழே வைப்பார். "அதுக்கு ஆதாரம் இல்ல சம்பந்தம். இல்லாததைச் சொல்லக் கூடாது."

மோருக்கு அடுத்தது ஆற்றுப் பாலம். இரண்டு உள்ளங்கைகளையும் தட்டையாக விரித்து, பாலம் கட்டிய கதையைத் தொடங்குவார். அது லேசில் முடியாது. தூணுக்கு அஸ்திவாரமாக ஆற்றில் கிணறு இறக்குவார்கள், மணல் சரியும், மறுபடி இறக்குவார்கள். கேட்கிற ஆளுக்கு அந்த நேரத்தில்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டாத ஞாபகம் வரும். பல வருஷமாகப் பாலத்தைத் தாண்டி அந்த வரலாற்றைக் கேட்டவர் எங்கள் ஊரில் ஒருவரும் இருந்ததில்லை. நானும் இல்லை.

இந்த வரலாற்றால் ஊரில் நடந்த சேதம் கொஞ்சமல்ல. காயில் கட்டும்போது கம்பியை எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ண வேண்டும். நடுவில் யாராவது ரயில் என்று வாயெடுத்தால் போதும், எண்ணிக்கை போய்விடும், சுற்றியதைப் பிரித்து முதலிலிருந்து சுற்றுவார். ஒரு வருஷம் குறுவை நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தபோது, எனக்கும் பங்காளிக்கும் வாய்க்கால் தகராறு. என் மோட்டார் சரித்திரத்தின் கையில். பங்காளி தினமும் காலையில் கொட்டகைப் பக்கம் போய், "அண்ணே, பழைய வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். வேறொன்றும் செய்யவில்லை. என் மோட்டார் நாலு நாள் பிந்தி வந்தது.

ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். வெளியூர் ஆள் கொடுத்தது. துரை குதிரையிலிருந்து இறங்கி, மோர் குடித்து, லைன் வளைந்து, ஆற்றில் முதல் கிணறு இறங்கும்போது முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. நாதஸ்வரக்காரர் யாரையும் கேட்காமல் கண்ணைக் காட்ட, தவில்காரர் கெட்டிமேளத்தை இறக்கிவிட்டார். தாலியைக் கையில் எடுக்காத மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்து நின்றான். இப்போது அந்தத் தம்பதிக்குப் பிள்ளை இருக்கிறது. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சரித்திரம் வருத்தப்படுவார். "அன்னைக்குப் பாலத்தோட நின்னுபோச்சு."

பழைய சின்ன லைனில் எங்கள் ஊருக்கு ஒரு ஹால்ட், வண்டி நின்று போகிற சின்ன நிறுத்தம், இருந்தது. அகல லைன் போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தபோது அதுவும் போய்விட்டது. பல வருஷம் வண்டியே இல்லை. ஒருவழியாகப் புது லைனில் வண்டி வந்தது, ஹால்ட் வரவில்லை. சரித்திரம் மனு எழுதினார். அந்த மனுவில் துரை முதல் பக்கத்தில் வருவார், கோரிக்கை கடைசிப் பக்கத்தில் வரும். எந்த அலுவலகமும் கடைசிப் பக்கம்வரை வந்ததில்லை.

ஆனாலும் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. கேட்டுகளில் ஆள் போடாததால், மூடுகிறவரையும் திறக்கிறவரையும் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி மூடுவார். வண்டி கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். கடைசிப் பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு, ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டிலும் இதே கூத்து. "வண்டி ஓடுதா, வீடு வீடா பால் ஊத்திட்டுப் போகுதா?" என்பார் சம்பந்தம். சொன்னாலும் நாங்கள் எல்லாரும் அதில்தான் ஏறினோம். முதல் தடவை நிற்கும்போது மறந்த டிபன் பாக்ஸை எடுத்து வரலாம். இரண்டாம் தடவை நிற்கும்போது ஏறிக்கொள்ளலாம். பிளாட்பாரம் கிடையாது, கீழேயிருந்து ஒருவர் தள்ள, மேலேயிருந்து ஒருவர் இழுக்க வேண்டும்.

தனம் அக்காவின் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு நாள் திருவாரூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாற வேண்டும், அவர் உடம்பு தாங்காது. அந்த இரண்டு நாளும் நாலு பேர் சேர்ந்து அவரைப் பெட்டிக்குள் தூக்கி வைப்போம்.

ஒருநாள் கேட்டை மூட இறங்கிய மணி, தனம் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, எல்லா கேட்டுக்கும் நிரந்தரமா ஆள் போடப் போறாங்க. இனிமே வண்டி நிக்காது."

"நிக்காதுன்னா?"

"நேரா போயிடும்க்கா."

அக்கா வண்டிக்குள் இருந்த வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார். எப்போதும் பேசிக்கொண்டே ஏறுகிறவர் அவர்.

அடுத்த வாரமே இன்னொரு செய்தியும் மணிதான் கொண்டுவந்தான். பெரிய அதிகாரி தனி வண்டியில் லைனைப் பார்வையிட வருகிறார், எங்கள் கேட்டில் ஐந்து நிமிஷம் இறங்குவார். டீக்கடையில் கூட்டம் போட்டோம். பழைய ஹால்ட் எங்கே இருந்தது, யார் யாருக்கு மனு போனது என்பதெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத் தவிர வேறு ஆளும் இல்லை, அவரைப் பேச விட்டால் ஐந்து நிமிஷமும் போதாது.

"அண்ணே, ஒரே வரி," என்றார் தனம் அக்கா. "இங்க வண்டி நிக்கணும். அவ்வளவுதான். துரை வேணாம், மோர் வேணாம்."

"மோரைக்கூட விட்டுடுறேன் தனம். துரையை எப்படி விடுறது? அவர் வந்தாத்தானே லைன் வருது."

"லைன்தான் வந்திடுச்சுல்ல, அந்த ஆளைப் போகச் சொல்லுங்கண்ணே."

மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். சம்பந்தம் அதிகாரியாக ஸ்டூலில் உட்கார, சரித்திரம் எதிரே நின்று ஒரே வரி சொல்வார். நன்றாகவே சொன்னார். சொல்லி முடித்ததும் கை மட்டும் தானாகக் கடிவாளம் பிடிக்கப் போகும். "கையை இறக்குங்கண்ணே" என்று தனம் அக்கா அதட்டுவார்.

தை மாசம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தனி வண்டி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. அதிகாரி இறங்கினார். சம்பந்தம் மாலை போட்டார். சரித்திரம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்தார். "சார், இங்க வண்டி..." என்றார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"...வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னா, மொதல்ல ஒரு துரை."

தனம் அக்கா அப்படியே தண்டவாளத்து ஜல்லியில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி மரியாதைக்காக மோர்வரை கேட்டார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, கும்பிட்டு, வண்டியில் ஏறக் காலை வைத்தார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு அறுவடை மிஷின் கேட்டுக்கு அடியில் வந்து, இரண்டு தடவை இருமி, நின்றுபோனது. தண்டவாளத்தில் அல்ல, சரியாக கேட்டுக் கம்பி இறங்குகிற இடத்தில்.

"டீசல் தீந்துபோச்சுங்க," என்றான் ஆத்தூரிலிருந்து மிஷினோடு அறுப்புக்கு வந்திருந்த டிரைவர், வேறு யாருடைய மிஷினோ என்பதுபோல.

"தள்ளச் சொல்லுங்க," என்றார் அதிகாரி.

"அதைத் தள்ள யானை வேணும் சார்," என்றான் மணி. "கேட்டை மூடாம வண்டியை எடுக்கவும் கூடாது. ரூல் சார்."

அந்த ரூலைச் சரியாகப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்கத்தான் அதிகாரி வந்திருந்தார். அவர் வைத்த காலை எடுத்துவிட்டு, மறுபடி கீழே நின்றார். சரித்திரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, உள்ளங்கைகளை விரித்தார்.

மொபெட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கேனைக் கையில் கொடுத்து என்னை மெயின் ரோடு பெட்ரோல் பங்குக்கு விரட்டினார்கள். போனேன், வாங்கினேன், திரும்பினேன். இதெல்லாம் வேகமாகத்தான் நடந்தது. திரும்பி வரும் வழியில் மதகுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பனைமரம். அங்கிருந்து பார்த்தால், அறுத்த வயலுக்கு அப்பால் கேட்டு தெரியும். அதிகாரி குடைக்குக் கீழே நிற்கிறார். எதிரே சரித்திரம். குரல் கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது, தட்டையாக. இன்னும் பாலம் முடியவில்லை.

நான் மொபெட்டை நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தேன். மாட்டினேன். மறுபடி கழற்றினேன்.

எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன். ஒரு சமயம் நிமிர்ந்து பார்த்தபோது, அந்த உள்ளங்கைகள் சேர்ந்திருந்தன. பாலம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் அவர் காட்டிய சைகை ஒன்றைக்கூட நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கினார், குனிந்து எதையோ எடுத்தார், திரும்பி நின்று எங்கேயோ சுட்டினார். கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. சம்பந்தம் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு நின்றார். கடைசியில் சரித்திரத்தின் இரண்டு கைகளும் கீழே தொங்கின. நான் மொபெட்டை மிதித்தேன்.

"என்னங்ணா, டீசல் வாங்கப் போனீங்களா, தோண்டி எடுக்கப் போனீங்களா?" என்றான் ஆத்தூர் டிரைவர்.

"பிளக் பிரச்சினை," என்றேன்.

நடந்ததை அப்புறம் தனம் அக்கா சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி, "சரிங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாராம். சரித்திரம், "புதுசா ஒண்ணும் வேணாம் சார். அன்னைக்கும் இங்க வண்டி நின்னுச்சு, இப்பவும் நிக்குது. நிக்கிற வண்டிய ஓடச் சொல்லாதீங்க, அது போதும்" என்றாராம். ஒத்திகையில் நாங்கள் சொல்லிக் கொடுத்த வரி அது இல்லை. அதிகாரி சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாராம்.

கேட்டுக்கு நிரந்தர ஆள் வந்தபோது, கூடவே மஞ்சள் பலகையும் முழங்கால் உயரப் பிளாட்பாரமும் வந்தன. வண்டி இப்போது ஒரு நிமிஷம் நிற்கிறது. தனம் அக்காவின் வீட்டுக்காரர் தானே நடந்து ஏறுகிறார், அக்கா பின்னாலிருந்து வழக்கம்போல் ஏதாவது சொல்லிக்கொண்டே ஏறுகிறார். சரித்திரம் ஜன்னலோரப் பயணிகளுக்குத் தினமும் வரலாறு சொல்கிறார். ஒரு நிமிஷத்தில் துரை குதிரையிலிருந்து இறங்கக்கூட முடிவதில்லை.

என்னைப் பார்த்தால் மட்டும் அவருக்கு மனசு கேட்பதில்லை.

"ஊரே முழுசாக் கேட்டுச்சு. நீ ஒருத்தன்தான் கேக்கல. அந்த நேரம் பார்த்து உன் வண்டி மக்கர் பண்ணிடுச்சே, பாவம். உக்காரு தம்பி."

உட்கார்கிறேன். துரை வருகிறார், மோர் குடிக்கிறார், ஆற்றில் கிணறு இறங்குகிறது. அதற்குள் யாராவது எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நானும் மறுநாள் போய் உட்கார்கிறேன். பிளக்கில் ஒரு கோளாறும் இல்லை என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.