பூட்டுப் போட்ட கணவர்

கம்ப்யூட்டர்காரருக்கு அன்று காலையிலேயே வீரம் பொங்கிவிட்டது.

ஆபீசில் டேட்டாபேஸைக் காப்பது அவர் வேலை. அங்கே அவர் இருமினால் நாலு பேர் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். வீட்டில் கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மனைவி முன்னறையில் தையல்கடை வைத்திருந்தாள். வருகிறவர்களின் அளவெல்லாம் அவர் போட்டுக்கொடுத்த டேட்டாபேஸில் இருந்தது. பாஸ்வேர்ட் 1234. தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு அக்கா நைசாக உள்ளே புகுந்து, தன் இடுப்பளவைத் தானே குறைத்துக்கொண்டாள். அந்த அளவில் தைத்த புதுச் சட்டையைப் போட்டுக் குனிந்தாள். பொத்தான் ஜன்னலைத் தாண்டிப் போனது.

"இனிமே இங்க சட்டம்தான்!" என்றார் கணவர். "ஆளுக்கொரு கணக்கு. பாஸ்வேர்ட் நீளமா இருக்கணும். எண் வேணும், குறி வேணும். மூணு தடவை தப்பா அடிச்சா பூட்டிக்கும். ஏற்கெனவே போட்ட அளவை என் கணக்குலதான் திருத்த முடியும்."

"பூட்டிக்கிட்டா?"

"பூட்டிக்கிட்டவங்களே திறக்க முடியாது. இன்னொருத்தர் கணக்குலேர்ந்துதான் திறந்துவிடணும்."

அவள் கெஞ்சிக்கொண்டு வந்து நிற்பாள் என்று அவருக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது.

அவளோ ஒரே மூச்சில் அடித்து உள்ளே போய்விட்டாள். தினமும் அப்படித்தான்.

"எப்படிடி மறக்காம இருக்க?"

"உங்களைத் திட்டுறதை அப்படியே அடிச்சிடுறேன். நல்ல நீளம்."

"எண்?"

"2 காது இருந்தும் கேக்கலைன்னு வருதுல்ல."

"குறி?"

"கடைசில ஆச்சரியக்குறி. அது தானா வந்துடுதுங்க."

நிபுணர் அப்படியெல்லாம் வைப்பாரா? எழுத்தும் எண்ணும் குறியுமாக, கோழி கிளறினது மாதிரி ஒன்றை வைத்தார்.

அந்த வாரமே வாத்தியக் குழுத் தலைவர் ஓடிவந்தார். சாயந்தரம் கச்சேரி. ட்ரம்பெட் ஊதுகிறவருக்குத் தொப்பை போட்டுவிட்டது, கோட்டு அளவைத் திருத்தணும், தைக்கணும்.

"நகரு, இது என் வேலை" என்று கணவர் உட்கார்ந்தார். அடித்தார். தப்பு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடித்தார். தப்பு. சாமியை நினைத்துக்கொண்டு அடித்தார். பூட்டிக்கொண்டது.

"என்னாச்சு தம்பி?" என்றாள் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கணவர் மனைவியைப் பார்த்தார்.

"கொஞ்சம்... திறந்துவிடேன்."

அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு நிதானமாக வந்தாள். தன் கணக்கிலிருந்து திறந்துவிட்டாள்.

"புது பாஸ்வேர்ட் வைக்கணுமாம். உங்களுக்குத்தான் மறந்துபோகுதே, நானே சொல்றேன், அடிங்க." ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "என் பொண்டாட்டி 1 தடவை சொன்னாலே கேட்டுக்குவேன்!"

அக்கா கைதட்டினாள். தலைவர் தாளமே போட்டுவிட்டார்.

காது சிவக்கச் சிவக்க அடித்து முடித்தார். நீளம், எண், குறி, எல்லாம் சரி. அவர் போட்ட சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.

திரையில் வந்தது: "உறுதிசெய்ய, மறுபடியும் ஒருமுறை அடிக்கவும்."