குழந்தைக்கும் ஒரு கட்டம்

‘ரெண்டே வாரம்’ என்று சொல்லியே பிழைக்கும் ஓர் இனம் உண்டு, வாசகரே. கழுத்தில் அடையாள அட்டை, கையில் நாலு வண்ண மார்க்கர், முகத்தில் கவலையே அறியாத களை. இவை ஒன்றுசேர்ந்து நடந்து வந்தால் அவர்தான் திட்ட மேலாளர். நம்மவருக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயரே ‘ரெண்டு வாரம்’தான்.

ஒரு கண் மருத்துவமனை, நோயாளிகளைப் பதிவுசெய்ய மென்பொருள் கேட்டு வந்தது. என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நம்மவர் வெள்ளைப் பலகையில் நாளுக்கொரு கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கட்டங்களுக்குள் யாருக்கும் காய்ச்சல் வராது, மின்சாரம் போகாது, எவரும் மனம் மாறமாட்டார்கள். அடடா, அப்படி ஓர் உலகம் இருந்தால் நாமும் குடியேறிவிடலாமே!

நிரல் எழுதுபவர் மெல்ல வாயைத் திறந்தார்.

“சார், அங்க வரவேற்பு மேசையில இருக்கிற அக்காகிட்ட அரை நாள் பேசிட்டு வந்துடறேனே? பதிவு பண்ணப்போறது அவங்கதான்.”

“அரை நாளா! அதுக்குக் கட்டம் எங்கப்பா இருக்கு? பேர், ஃபோன் நம்பர், கண்ணாடி பவர். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?”

“இல்ல சார், இருபதாம் தேதி என் மனைவிக்குப் பிரசவம். நான் பக்கத்துல இருக்கணும். அதான் முன்னாடியே எல்லாம் தெளிவா…”

“கவலையே படாதே. பதினெட்டாம் தேதி முடிக்கிறோம், பத்தொன்பதுல இருந்து உனக்கு லீவு. பாரு, குழந்தைக்கும் ஒரு கட்டம் போட்டுட்டேன்!”

போட்டார். ரோஸ் நிறத்தில்.

பதினெட்டாம் தேதி அந்த அக்கா முதன்முதலாக மென்பொருளில் கை வைத்தார். வந்தது ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள்; ஐந்து பேருக்கும் அப்பாவின் ஃபோன் நம்பர்தான். ஒரு நம்பருக்கு ஓர் ஆள் என்று நம்பிக்கொண்டிருந்த மென்பொருள், ஐவரையும் ஒருவராக்கி, ஆறு வயதுப் பெண்ணுக்கு அப்பாவின் கண்ணாடியை எழுதிக் கொடுத்தது.

“இங்க பாதிப் பேர் இப்படித்தான் சார் வருவாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!”

நம்மவருக்குப் புரிந்துவிட்டது: அடியிலிருந்தே மாற்ற வேண்டும். நிரலாளர் பக்கம் திரும்பி, குரலில் தேன் தடவி, “இன்னும் ரெண்டே வாரம்…” என்று இழுத்தார். அப்போது பார்த்து நிரலாளரின் ஃபோன் அடித்தது. மாமியார்.

“மாப்பிள்ளை, வலி எடுத்துடுச்சு! ஓடி வாங்க!”

“சார், உங்க கட்டம் குழந்தைக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு நிரலாளர் பையைத் தூக்கினார். பிள்ளை பிறந்தபோது பக்கத்திலேயே இருந்தாராம். மகள்.

நம்மவர் வேறு வழியில்லாமல் அக்காவின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அரை நாளெல்லாம் ஆகவில்லை. அக்கா நாற்பதே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். ‘அஞ்சே நிமிஷம், இதோ வந்துடறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? அங்கே ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்.