டபுள் டெக்கர் சொல்லிவிட்டுத்தான் அடிப்பாள்

மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்தவர்களில், வானத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "அங்கன ஒண்ணும் இல்லட்டி" என்று சொன்ன ஒரே ஆள் டபுள் டெக்கர்தான். அவள் வாலிபால் வலைக்கு மேலே எழும்பிக் கீழே இறங்குவதற்குள் நாங்கள் ரிப்பனை அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வகுப்பில் ஆஜர் எடுக்க மட்டும் உதவியது. பட்டப்பெயர் ஒரு பஸ் கண்டக்டர் கொடுத்தது. மாடி பஸ்ஸில் மேலே ஏறப்போனவளை நிறுத்தி, "நீயே ஒரு டபுள் டெக்கர், உனக்கு எதுக்கு இன்னொண்ணு" என்று மராத்தியில் கேட்டாராம். அன்றிலிருந்து கல்லூரி முழுக்க அதுதான் பெயர்.

அவள் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "இன்னும் வளந்தேன்னா உன்னிய எந்த வீட்டு வாசல்லட்டி மடக்கி நுழைக்க?"

"பெரிய வாசலுள்ள வீடாப் பாரு."

அப்பா தாராவியில் ஒரு தையல் பட்டறையில் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். பெண்பிள்ளை அரைக்கால் டவுசர் போட்டு ஆடுகிறாள் என்று கேம்ப் பெண்கள் அவரிடம் முறையிட்டார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை மெஷினில் உட்கார்ந்து அவரே புது டவுசர் தைத்துக் கொடுத்தார். "கடையில வாங்குன டவுசர்ல தையல் சரியில்ல. குதிக்கிற பிள்ளைக்கு அது தாங்காது" என்றார். பிறகு எங்கள் டீம் முழுக்கவும் தைத்தார். தோற்ற ஆட்டங்கள் உண்டு. தையல் விட்ட ஆட்டம் கிடையாது.

டபுள் டெக்கரின் பெரிய கோணங்கித்தனம், பந்தை எங்கே அடிக்கப்போகிறாள் என்பதை எதிராளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணைப் பார்த்து, "ஏ பீலா ரிப்பன், தேரேகோ ஆரேலா ஹை" என்பாள். உனக்குத்தான் வருது என்று அர்த்தம். மஞ்சள் ரிப்பன்காரி முட்டியை மடக்கி, கையைக் கோத்துத் தயாராக நிற்பாள். பந்து வரும். அவளும் விழுவாள், பந்தும் விழும்.

ஒருமுறை நடுவர் விளையாட்டை நிறுத்தி இவளைக் கூப்பிட்டார். அவர் மராத்திக்காரர். இவள் கோபம் வந்தால் தமிழ்தான் பேசுவாள். "சொல்லாம அடிச்சா அந்தப் பிள்ளைக்கி மூக்கு உடைஞ்சு போகும்லா சார். பாவம்லா."

நடுவர் என்னைப் பார்த்தார். நான் டீமில் மாற்று ஆட்டக்காரி. அதாவது, பெஞ்சை வேறு யாரும் தூக்கிப் போகாமல் காவல் காப்பவள். "மன்னிப்புக் கேட்கிறாள் சார்" என்று மொழிபெயர்த்தேன்.

கடைசி வருடம், கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப்போட்டி. ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போய்விட்டது. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி பாக்கி. அப்போது எகிறியவள் கீழே சரியாக இறங்கவில்லை. முட்டி திரும்பிய சத்தம் பெஞ்சு வரை கேட்டது.

ஸ்ட்ரெச்சர் வந்தது. படுத்தவள் பாதி அதற்கு வெளியே தொங்கினாள். "இது எனக்குப் பத்தாது" என்று இறங்கி, கோச்சின் தோளைப் பிடித்து நொண்டிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் இடத்துக்கு நான் போனேன். 

பந்து எனக்கு உயர்ந்து வந்தது. பெஞ்சிலிருந்து அவள் குரல் கேட்டது: "ஏ பீலா ரிப்பன், தேரேகோ ஆரேலா ஹை."

டபுள் டெக்கர் வாக்கு பொய்த்து யாரும் பார்த்ததில்லை. எதிர் டீம் மொத்தமும் மஞ்சள் ரிப்பன் பக்கம் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய சவலைப் பந்து, ஆளில்லாத மூலையில் சோம்பேறித்தனமாகப் போய் விழுந்தது. கோப்பை எங்களுக்கு.

"பொய் சொல்லிட்டியே" என்றேன்.

"நீ அடிச்சதுக்கு நான் என்னட்டி செய்ய" என்று சிரித்தாள். முகமெல்லாம் வலி.

மாநில அணி அவளை எடுக்கவில்லை. இனி எகிறக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் என் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கே அவள் நன்றாகக் குனியவேண்டியிருந்தது. விளையாட்டு கோட்டாவில் கிடைத்திருக்க வேண்டிய ரயில்வே வேலையை, பரீட்சை எழுதி வாங்கினாள். கல்யாணில் டிக்கெட் பரிசோதகர். கறுப்புக் கோட்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் வரும்போதே இந்தக் கோடியில் தெரியும். அதுவும் போதாதென்று, "நீலச் சட்டை, உன்கிட்டதான் வாரேன்" என்று தூரத்திலிருந்தே ஹிந்தியில் அறிவித்துவிடுவாள். ஏன் ஓடவில்லை என்று பிடிபட்ட ஒருவனைக் கேட்டேன். "ஓடி எங்க போறது, அந்தக் கை வந்துடுமே" என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்ப் சமூகக் கூடத்தில் அவளுடைய புது டீம் ஆடுகிறது. முட்டிவலிக்காரப் பெண்கள் மட்டும்தான் சேரலாம். எல்லோரும் தரையில் உட்கார்ந்தே ஆடவேண்டும், வலையும் தாழ்வாகக் கட்டியிருக்கும். சின்ன வயதில் அவள் டவுசரைப் பற்றிப் புகார் சொன்ன அத்தைமார் இருவர் அதில் முன்வரிசை. போன மாதம் இந்த டீம், ஒரு கல்லூரியின் பெண்களையும் தரையில் உட்காரவைத்துத் தோற்கடித்தது. உட்கார்ந்தபடி நகர அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்த அத்தைகள் சறுக்கிச் சறுக்கிப் பந்தெடுத்தார்கள். கூடம் நிறையக் கைதட்டல். கேம்பில் அன்று எல்லோருமே சற்று நிமிர்ந்து நடந்தார்கள்.

இப்போது குடியிருக்கும் திலக் நகரிலிருந்து நானும் என் முட்டிவலியைத் தூக்கிக்கொண்டு போன ஞாயிறு போய்ச் சேர்ந்தேன். அவள் இப்போது அடிப்பதில்லை, அடுத்தவர் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரல் நுனியால் மெல்ல ஒரு பந்தை என் தலைக்கு மேல் எழுப்பினாள்.

"அடிட்டி. நான் பாத்துக்கிடுதேன்."

கண் கலங்கிவிட்டதால் பந்து எங்கே என்று தெரியவில்லை, கோட்டை விட்டேன். அவள் அடுத்த பந்தையும் எனக்கே கொடுத்தாள்.