கரடி விட்ட நெருப்பு

ஒரு காட்டில், சக்கரமும் சட்டியும் பிறக்க இன்னும் பல்லாயிரம் வருடம் பாக்கியிருந்த காலத்தில், ஒரு கரடியின் காதில் ‘ணங்’ என்று ஒரு சத்தம் விழுந்தது. கல்லில் கல் மோதிய சத்தம்தான். ஆனாலும் அவள் கிழவியாகி, தேன் எது பிசின் எது என்று நாக்குக்குத் தெரியாமல் போன பிறகும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. மற்ற சத்தங்களெல்லாம் வந்து போயின. இது குடியிருந்தது.

கரடியின் பெயர் சடைச்சி. அன்றைக்கு அவள் அறிவைத் தேடி எங்கும் புறப்படவில்லை. பசி. கரையான் புற்றின் மேல் சாய்ந்து கிடந்த துருநிறக் கல் ஒன்றைப் புரட்டித் தள்ளினாள். அது கீழே கிடந்த வெள்ளைக் கல்லில் மோதியது. ஒரு பொறி பறந்து காய்ந்த புல்லில் விழுந்தது. புல் புகைந்தது. பிறகு சிவப்பாக ஒன்று எழுந்து நின்று நாக்கை நீட்டியது.

அந்தக் காட்டில் அதற்கு ஒரு பெயர் இருந்தது: ‘ஓடு’. கோடையில் மின்னல் விழுந்து மரம் பற்றிக்கொள்ளும்போது எல்லாரும் கத்துகிற வார்த்தை அதுதான் என்பதால் அதுவே பெயராக நின்றுவிட்டது. “போன வருஷம் தெற்கு மலையில ஒரு ஓடு வந்துச்சே” என்று பேசிக்கொள்வார்கள். பேசும்போதே இரண்டடி ஓடியும் விடுவார்கள்.

சடைச்சியும் ஓடத்தான் திரும்பினாள். அப்போது ஒரு வாசனை வந்தது. மழைக்கு நாள் பார்த்துக்கொண்டு புற்றுக்குள் இறகோடு காத்திருந்த ஈசல்கள் சூடு தாங்காமல் வெளியே வந்து, வந்த இடத்திலேயே வறுபட்டுக்கொண்டிருந்தன. பயம் மூக்கு வழியாக வெளியேறிவிட்டது. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மொறுமொறுவென்றிருந்தது. அதுவரை அவள் தின்றதெல்லாம் வழவழப்பாகவோ கொழகொழப்பாகவோதான் இருந்திருக்கிறது. கண்ணில் நீர் வந்தது. புகையினால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்து நாட்களில் அதை நினைத்தபோது வரவழைக்கவும், மண்ணை அள்ளிப் போட்டுத் திருப்பி அனுப்பவும் பழகிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஈசலுக்குப் பங்காளிகள் வருவார்கள்.

பதினோராம் நாள் குகை வாரியத்திலிருந்து ஓணான் வந்தது. ஓணான் அங்கே கடைநிலை ஊழியர். எதைக் கேட்டாலும் தலையாட்டும். கையில் ஒரு மரப்பட்டை வைத்திருந்தது.

“என்னப்பா இது?”

“அறிவிப்பு. மழைக்கு முந்தி குகைகளை மறுஒதுக்கீடு செய்யறாங்க. உங்க குகைய ரோமமற்றோர் நலப் பிரிவுல கேட்டிருக்காங்க.”

“ரோமமற்றோரா? அது யாரு, தவளையா?”

“அந்த ரெண்டுகால் கூட்டம்.”

சடைச்சிக்கு அவர்களைத் தெரியும். சரிவில் ஒரு பாறை நிழலில் பதினோரு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தே தூங்குவார்கள். குச்சியால் கிழங்கு தோண்டிப் பச்சையாகத் தின்று பாதியைத் துப்புவார்கள். சிறுத்தை விட்டுப்போன எலும்பைக் கல்லால் உடைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சுவார்கள். நகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வால் சுத்தமாகவே இல்லை. மான் தோலைப் போர்த்திக்கொள்வார்கள், பதனிடத் தெரியாது, காற்றடிக்கும் திசையைப் பார்த்துத்தான் அவர்களிடம் பேச முடியும். பாவம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

ஆனால் அவள் குகை மேற்குப் பார்த்தது. சாரல் உள்ளே வராது. வயிற்றில் மார்கழிக்குப் பிறக்க வேண்டிய குட்டிகள் இருந்தன. நனைந்த குட்டி மூன்று நாள் தாங்காது.

“விடமாட்டேன்னு சொன்னா?”

ஓணான் தலையாட்டியது. பிறகு தலையாட்டிக்கொண்டே சொன்னது: “ஒரு விதிவிலக்கு இருக்கு. புதுசா எதையாவது கண்டுபிடிச்சவங்களுக்கு அவங்க இருக்கிற குகை நிரந்தரம். வாரியத்துல பதிவு பண்ணணும்.”

சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈசல் வறுவலை நினைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கிளம்பினாள்.

வாரியம் ஒரு பட்டுப்போன மருதமரப் பொந்தில் நடந்தது. அதிகாரி உடும்பு. ஒரு கோப்பைப் பிடித்தால் விடமாட்டார், ஆகையால் எதையும் பிடிப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். படிவம் கொத்தித் தருவது மரங்கொத்தி. மரங்கொத்தி வெளியே போயிருந்தது. வரிசை ஓடைவரை நீண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு முயல், கூட்டல் கணக்கைக் கண்டுபிடித்ததாகப் பதிய வந்திருந்தது. சாட்சிக்கு முப்பத்திரண்டு குட்டிகளைக் கூட்டி வந்திருந்தது. பின்னால் அந்த ரெண்டுகால்களில் ஒருவன் தோலை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றான். எப்போதும் நிமிர்ந்தே நிற்பதால் அவனுக்கு நிமிர்ந்தான் என்றே பெயர்.

“என்ன தம்பி, குளிருதா?”

“ஆமாக்கா. உங்களுக்கென்ன, பிறக்கும்போதே கம்பளியோட பிறந்துட்டீங்க.”

சூரியன் உச்சிக்கு வந்தபோது அவள் முறை வந்தது. மரங்கொத்தி இன்னும் வராததால் உடும்பே படிவத்தில் நகத்தால் கீறிக்கொண்டார்.

“பெயர்?” என்றார் உடும்பு.

“சடைச்சி.”

“இனம்?”

“பார்த்தாத் தெரியலையா? கரடி.”

“கண்டுபிடிப்பு?”

சடைச்சி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். பத்து நாள் அடக்கி வைத்திருந்த சந்தோஷம் அவளை மீறி வெளியே வந்தது. நாலு மரத்துக்குக் கேட்கும்படி ஒரே வார்த்தையாகச் சொன்னாள்.

“ஓடு!”

வரிசை காணாமல் போனது. முயலும் முப்பத்திரண்டு குட்டிகளும் முப்பத்து மூன்று திசையில் பறந்தன. காட்டுப்பன்றிகள் ஓடையைத் தாண்டின. உடும்பு முதன்முறையாக ஒரு கோப்பைக் கவ்விக்கொண்டு மரத்தின் உச்சிக்கே போய்விட்டார். நிமிர்ந்தான் மட்டும் குளிரில் விறைத்து நின்றதால் ஓடவில்லை.

சற்று நேரம் கழித்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். புகை இல்லை. பொறி இல்லை. கரடி மட்டும் வெட்கத்தோடு நின்றிருந்தாள். வரிசையில் யார் யாருக்கு முன்னால் இருந்தார்கள் என்பதில் பன்றிகளுக்குள் அடிதடி தொடங்கியிருந்தது.

“ஏம்மா, எங்க ஓடு?” என்று இறங்கி வந்தார் உடும்பு.

“இனிமேத்தான் சார் வரும். கல்லுல கல்லத் தட்டினா நானே வரவழைப்பேன்.”

“கரடி விட்டுட்டாய்யா!” என்றது கூட்டத்தில் ஒரு பன்றி. எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காட்டில் புளுகுவதற்குக் ‘கரடி விடுவது’ என்றுதான் பெயர். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. கரடிகளுக்கும் தெரியாது. நரி புளுகினாலும் நரி கரடி விடுது என்பார்கள், காக்கை புளுகினாலும் காக்கை கரடி விடுது என்பார்கள். கரடி உண்மை சொன்னால் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் அந்த மொழியில் வழி இருக்கவில்லை.

உடும்பு விதிப்பட்டையைப் புரட்டினார். “விதி ஏழு. ‘மனுவில் கரடி இருப்பது தெரியவந்தால், மேற்கொண்டு விசாரணையின்றித் தள்ளுபடி செய்க.’ இதோ, ரெண்டாவது கட்டத்துலயே இருக்கு. கரடி. நீயே உன் வாயால சொல்லியிருக்கே.”

“அது என் இனம் சார்!”

“இருக்கலாம். விதியில அப்படிப் பிரிச்சுச் சொல்லல.”

“கரடின்னு போடாம கழுதைன்னா போடறது?”

“போட்டிருந்தா பரிசீலிச்சிருப்பேன்.”

“இங்கேயே செஞ்சு காட்டறேன். ரெண்டு கல்லு போதும்.”

“சருகுக் கூரை தெரியுதில்ல?” உடும்பு மேலே பார்த்துக் கும்பிட்டார். “ஒண்ணு செய். கரடி அல்லாத யாருக்காவது செஞ்சு காட்டு. அவங்க வந்து எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த ஆள்!”

திரும்பி நடந்தவளை நிமிர்ந்தான் பிடித்துக்கொண்டான். “நான் பார்க்கிறேன்க்கா. எனக்கு ஓடத் தெம்பில்ல.”

அவன் அவளுடைய குகையைக் கேட்டு மனுப் போட்டிருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தான். நடுங்குகிறவனைச் சந்தேகப்பட அவளுக்குப் பழக்கமில்லை.

அன்று பிற்பகலே ஒரு கரையான் புற்றை ஒட்டிய பாறைமேல் செய்து காட்டினாள். நிமிர்ந்தான் தன் மனைவி நெட்டச்சியையும் அழைத்து வந்திருந்தான். இடுப்பில் கைக்குழந்தை. கல் மோதியது, புல் புகைந்தது, சிவப்பு எழுந்தது. நெட்டச்சி அலறிக்கொண்டு பின்வாங்கினாள். பிறகு நின்றாள். குழந்தையின் காலை மெல்ல அந்தப் பக்கம் நீட்டினாள். பிறந்ததிலிருந்து நீலமாகவே இருந்த அந்தப் பாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. அவள் சடைச்சியின் முதுகு ரோமத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

“சரி சரி, ஈசல் தீயுது, எடு,” என்றாள் சடைச்சி.

மூவரும் தின்றார்கள். நெட்டச்சி கிழங்கு ஒன்றை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். அது மணத்தது. பிறகு கல்லைத் தானே வாங்கித் தட்டி, நாலாவது தட்டிலேயே பொறியை வரவழைத்துவிட்டாள். கட்டைவிரல் அவளுக்குத் தனியாகப் பிரிந்து கல்லைப் பற்றியது. சடைச்சிக்கே பொறாமையாக இருந்தது.

நிமிர்ந்தான்தான் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். “இதுக்கு என்ன பேருக்கா?”

“அதான் இருக்கே. ஓடு.”

“அது ஆகாது. அந்தப் பேரச் சொன்னா எல்லாரும் ஓடிடறாங்களே, எப்படிப் பதியறது? யாரும் ஓடாத பேரா ஒண்ணு வேணும்.” சற்று யோசித்தான். “நெருப்பு. எப்படி இருக்கு?”

“நெருப்பு,” என்று சடைச்சி சொல்லிப் பார்த்தாள். நாக்குக்குப் புதிதாக இருந்தது. சுடவில்லை.

“நாளைக்கே போய் எழுதிக் கொடுத்துடறேன். நீங்களும் வந்து ஒரு கை வச்சுடுங்க.”

மறுநாள் மரங்கொத்தி இருந்தது. நிமிர்ந்தான் சொல்லச் சொல்லக் கொத்தியது. சடைச்சிக்கு எழுத்துத் தெரியாது. காட்டில் பலருக்கும் தெரியாது, உடும்புக்கே அரைகுறைதான்.

“என் பேரு வந்திருக்கா தம்பி?”

“போட்டாச்சுக்கா. இதோ, ச-டை-ச்-சி.” விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அவன் சொன்னதில் பொய் இல்லை. சடைச்சி சேற்றில் பாதத்தைத் தோய்த்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தமாக வைத்தாள். ஐந்து நகமும் தெளிவாக விழுந்தன.

உடும்பு உரக்கப் படித்தார். “கண்டுபிடிப்பு, நெருப்பு.” வரிசையில் யாரும் ஓடவில்லை. ஒரு மான் கொட்டாவிவிட்டது. “கண்டுபிடித்தவர், நிமிர்ந்தான். இனம், மனிதன். நேரில் பார்த்த சாட்சி, சடைச்சி.”

“சாட்சியா?” என்றாள் சடைச்சி. “சார், நான் சாட்சி இல்ல. நான்தான்...”

“கை வச்சது நீதானே?”

“நான்தான். ஆனா மனுவுல கரடி இருந்தாத் தள்ளுபடின்னீங்களே? இதுலயும் நான் இருக்கேனே, தள்ளுங்க!”

உடும்பு பட்டையை ஏற இறங்கப் பார்த்தார். “சாட்சியோட இனத்தைக் கேட்கிற கட்டம் இதுல இல்லம்மா. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நீ சடைச்சி, அவ்வளவுதான்.” பிறகு அந்தக் கோப்பைக் கவ்வினார். விடவே இல்லை.

வெளியே வந்ததும் சடைச்சி நிமிர்ந்தானைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“ஏன் தம்பி?”

“உங்களுக்கு ரோமம் இருக்குக்கா,” என்றான். “எங்களுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?”

இப்போது யோசித்தாலும் அது நல்ல கேள்விதான். கேட்ட ஆள்தான் சரியில்லை.

ஐப்பசியில் பதினோரு பேரும் குகைக்குக் குடிவந்தார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சடைச்சி வாசலில் போய் நின்றாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. சுவரில் நிமிர்ந்தான் காவிக்கல்லைக் குழைத்து ஒரு படம் வரைந்துகொண்டிருந்தான். நடுவில் நெருப்பு. இந்தப் பக்கம் கையை உயர்த்தி நிற்கும் ஒரு மனிதன். அந்தப் பக்கம், வாலைச் சுருட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடும் ஒரு கரடி.

“என் வால் இவ்வளவு நீளமா?” என்றாள் சடைச்சி.

“ஒரு பார்வைக்குத்தான்க்கா,” என்றான்.

நெட்டச்சி எழுந்து வந்தாள். “வாசலோரமா இருந்துக்கட்டுமே. வயித்துப் பிள்ளைக்காரி.”

“குழந்தைங்க பயப்படும்,” என்றான் நிமிர்ந்தான். “படத்தைப் பார்த்தியில்ல? கரடின்னா நெருப்பைக் கண்டு ஓடணும். இங்க வந்து குளிர் காஞ்சுகிட்டிருந்தா, சின்னதுங்க நம்மள என்னன்னு கேட்கும்?”

நெட்டச்சி ஓர் இலையில் சுட்ட கிழங்கைச் சுற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். சடைச்சி அதை மோந்து பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகச் சுட்டிருந்தது. சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். கிழங்கைத் தின்றுவிட்டுத்தான் போனாள். ரோஷம் வேறு, பசி வேறு.

மழைக் காட்டில் காய்ந்த புல் ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை. அவள் தட்டிய கற்களிலிருந்து பொறி வந்தது, விழுவதற்கு இடம் இல்லை.

மார்கழியில் கிழக்குச் சரிவின் ஒரு பாறை இடுக்கில் சடைச்சி இரண்டு குட்டிகள் ஈன்றாள். ஒன்று பிழைத்தது.

நீதி: உண்மையைச் சொல்லியே ஆக வேண்டிய நிலைமை வந்தால், வேறு பிராணியை அனுப்பவும்.